சிலேன் ஆலையின் துணைப்பொருட்கள்: குளோரின் எங்கே போகிறது என்று பார்த்து முடிவெடுப்போம்

சிலேன் என்பது சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. ட்ரைகுளோரோசிலேன் வழியாக 1 கிலோ சிலேன் எடுத்தால் கூடவே ஏறத்தாழ 15.9 கிலோ சிலிக்கான் டெட்ராகுளோரைடு வந்துவிடும். ஆலையை மோசமாக ஓட்டுவதால் வருவதல்ல இது. வினையின் கணக்கே அப்படி. நான்கு மூலக்கூறு ட்ரைகுளோரோசிலேன் தமக்குள் ஹைட்ரஜனையும் குளோரினையும் இடம் மாற்றிக்கொண்டு, ஒரு சிலேனாகவும் மூன்று டெட்ராகுளோரைடாகவும் பிரிகின்றன. வாசலில் சிலேன் ஆலை என்று பலகை மாட்டியிருந்தாலும் எடைக் கணக்கில் அது டெட்ராகுளோரைடு ஆலைதான். ஆலையில் வேலை செய்பவர்கள் ட்ரைகுளோரோசிலேனை டிசிஎஸ் என்றும் சிலிக்கான் டெட்ராகுளோரைடை எஸ்டிசி என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எஸ்டிசி நிறமில்லாத திரவம், 57.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரக் காற்று பட்டால் போதும், வெண்புகை கக்க ஆரம்பித்துவிடும். அந்தப் புகையில் இருப்பது ஹைட்ரஜன் குளோரைடும் நுண்ணிய சிலிக்காவும். 2008இல் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு பாலிசிலிக்கான் (சூரிய மின்தகடுகளுக்கான மிகத் தூய சிலிக்கான்) ஆலையின் எஸ்டிசியை லாரிகளில் கொண்டுபோய் வயலோரம் கொட்டிய செய்தி வெளியே வந்து பெரிய விவகாரமானது. 2011இல் சீன அரசு, பாலிசிலிக்கான் ஆலைகள் எஸ்டிசியில் குறைந்தது 98.5 சதவீதத்தை மீட்டாக வேண்டும் என்று விதி போட்டது. ஆக, அப்படியே வெளியே தள்ளுவது என்ற வழியை விட்டுவிடலாம். மிச்சம் மூன்று: திரும்ப டிசிஎஸ் ஆக்குவது, வேறு சரக்காக்கி விற்பது, காரத்தால் நடுநிலையாக்கி உப்பாகவும் சிலிக்காவாகவும் வெளியேற்றுவது.

இவற்றை எதை வைத்து ஒப்பிடுவது? பெரும்பாலான அறிக்கைகள் முதலீட்டையும் மின்செலவையும் வைத்துத் தொடங்கும். நான் குளோரினை வைத்துத் தொடங்குவேன். சிலிக்கான் எந்த வழியில் போனாலும் கடைசியில் சிலிக்காதான், அதாவது மணலின் உறவு. தொல்லை அதில் இல்லை. குளோரின் காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருள். அது வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வரை சொத்து. ஒருமுறை தண்ணீரில் கரைந்த உப்பாகிவிட்டால் மலிவாகத் திருப்பி எடுக்க வழி கிடையாது. ஒவ்வொரு தேர்விலும் குளோரின் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

எஸ்டிசியே வராத வழிகள்

ஆலை இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது என்றால், எஸ்டிசியைத் தவிர்க்கும் வாய்ப்பும் உண்டு. சிலிக்கான் டெட்ராஃபுளோரைடையும் சோடியம் அலுமினியம் ஹைட்ரைடையும் வினைபுரியவைத்தால் சிலேன் வரும், துணைப்பொருளாகச் சோடியம் அலுமினியம் ஃபுளோரைடு வரும். 1 கிலோ சிலேனுக்கு 3.9 கிலோ உப்புதான். எஸ்டிசி துளிகூட இல்லை. அந்த உப்பை அலுமினியம் உருக்காலைகள் வாங்கிக்கொள்ள முடியும். டெட்ராஃபுளோரைடுக்கான மூலப்பொருளே பாஸ்பேட் உர ஆலைகளின் கழிவான ஃபுளோரோசிலிசிக் அமிலம் என்பது கூடுதல் நன்மை. அமெரிக்காவில் டெக்சாஸின் பாசடீனாவில் இந்த வழியில் ஓர் ஆலை வணிக அளவில் ஓடியது.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் ஹைட்ரைடு தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். உப்பில் வினைபுரியாத ஹைட்ரைடும் கரைப்பானும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அடக்கிய பிறகே ஆலையை விட்டு அனுப்ப முடியும். தொலைவிலுள்ள உருக்காலை நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஃபுளோரைடு கழிவு உங்கள் தலையில் விழும்.

மெக்னீசியம் சிலிசைடை அம்மோனியம் குளோரைடோடு திரவ அம்மோனியாவில் வினைபுரியவைக்கும் பழைய வழியும் உண்டு. 1 கிலோ சிலேனுக்கு 5.9 கிலோ மெக்னீசியம் குளோரைடு. அதுவும் அம்மோனியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரும். சூடாக்கி அம்மோனியாவை மீட்டாலும் மிஞ்சும் உப்பில் வினைபுரியாத சிலிசைடு கலந்திருக்கும், ஈரம் பட்டால் அதிலிருந்தே சிலேன் கசியும். சிறிய அளவுக்குச் சரி. பெரிய அளவுக்கு இதை இன்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எஸ்டிசியைத் திருப்பி ஓட்டுவது

டிசிஎஸ் வழிதான் என்று முடிவானால் முதல் கேள்வி இது. இரண்டு முறைகள் நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று, ஹைட்ரோகுளோரினேற்றம். தூள் சிலிக்கானை வாயுவே மிதக்கவைக்கும் உலைக்குள் எஸ்டிசி ஆவியையும் ஹைட்ரஜனையும் செலுத்துவார்கள். வெப்பநிலை 500 முதல் 600 டிகிரி, அழுத்தம் 20 முதல் 35 பார், செம்பு வினையூக்கி. மூன்று எஸ்டிசி, இரண்டு ஹைட்ரஜன், ஒரு சிலிக்கான் சேர்ந்து நான்கு டிசிஎஸ் ஆகின்றன. இதையும் தொடக்கத்தில் சொன்ன பிரிவு வினையையும் அடுத்தடுத்து எழுதிக் கூட்டிப் பாருங்கள்: எஸ்டிசியும் டிசிஎஸ்ஸும் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய், சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்து சிலேன் என்ற ஒரு வரிதான் மிஞ்சும். குளோரின் உள்ளே சுமைதூக்கியாக மட்டும் சுற்றுகிறது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு இந்த வட்டத்தைத்தான் சூரிய மின்தகடுகளுக்கான மலிவுச் சிலிக்கான் ஆராய்ச்சியின்போது உருவாக்கியது.

இன்னொன்று, சிலிக்கான் இல்லாமல் எஸ்டிசியையும் ஹைட்ரஜனையும் மட்டும் 1000 டிகிரிக்கு மேல் கிராஃபைட் சூடேற்றிகளுக்கு நடுவே அனுப்புவது. ஒரு டிசிஎஸ் உண்டாகும்போது ஒரு ஹைட்ரஜன் குளோரைடும் பிரியும். இங்கேதான் குளோரின் கேள்வி முக்கியம்: அந்த ஹைட்ரஜன் குளோரைடைச் சிலிக்கானோடு சேர்த்து டிசிஎஸ் ஆக்கும் தனி உலை ஏற்கெனவே இருந்தால் வட்டம் மூடிக்கொள்ளும். இல்லையென்றால் பாதி வட்டம்தான்.

இரண்டிலும் ஒரே சுற்றில் எல்லாம் மாறிவிடாது. ஹைட்ரோகுளோரினேற்றத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை மாறும்; மிச்சத்தைக் காய்ச்சி வடித்துப் பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே உலையைவிட வடிகோபுரங்கள்தான் இடத்தையும் நீராவியையும் தின்னும். சூடான முறையில் மின்செலவு கணிசமாகக் கூடும், கிராஃபைட் தேய்ந்து மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் அதில் சிலிக்கான் தூளே கிடையாது என்பதால் வெளிவருவது சுத்தமாக இருக்கும். ஹைட்ரோகுளோரினேற்றத்தில் உயர் அழுத்தத்தில் பறக்கும் தூள் குழாய் வளைவுகளையும் வால்வுகளையும் அரித்துத் தள்ளும். அதைத் தாங்கும் உலோகக்கலவைக்கே நல்ல விலை.

என் கணிப்பில், புதிதாகக் கட்டும் பெரிய ஆலைக்கு ஹைட்ரோகுளோரினேற்றம்தான். சூடான முறை, ஏற்கெனவே ஹைட்ரஜன் குளோரைடு உலையோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் கூடுதல் கருவியாக வைக்கத் தகுந்தது. வெளியிலிருந்து டிசிஎஸ் வாங்கிச் சிலேனாக்கும் சிறிய ஆலைக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது. அவர்கள் டிசிஎஸ் விற்பவரிடமே எஸ்டிசியைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. ஆலை ஓடத் தொடங்கித் தொட்டி நிறைந்த பிறகு பேசப்போனால் பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

வேறு சரக்காக்கி விற்பது

எஸ்டிசியை ஹைட்ரஜன் சுடரில் எரித்தால் ஃபியூம்டு சிலிக்கா கிடைக்கும். பெயின்ட், சிலிக்கோன் ரப்பர், பசை, மருந்துத் தூள் என்று எல்லாவற்றிலும் கெட்டித்தன்மைக்கும் கட்டி பிடிக்காமல் இருப்பதற்கும் சேர்க்கிறார்களே, அந்த வெண்தூள். 1942இல் ஜெர்மனியின் டெகுசா நிறுவனத்தில் ஹாரி குளோப்ஃபர் கண்டுபிடித்த முறை இது. 1 கிலோ எஸ்டிசியிலிருந்து 0.35 கிலோ சிலிக்காவும் 0.86 கிலோ ஹைட்ரஜன் குளோரைடும் வரும். அந்த ஹைட்ரஜன் குளோரைடைப் பிடித்து மறுபடி சிலிக்கானோடு வினைபுரியவைத்தால் குளோரின் திரும்பிவிடும். ஐரோப்பாவில் குளோரோசிலேன் ஆலையும் ஃபியூம்டு சிலிக்கா ஆலையும் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அளவைக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 1,000 டன் சிலேன் எடுக்கும் ஆலையில் ஏறத்தாழ 15,900 டன் எஸ்டிசி வரும். அத்தனையையும் எரித்தால் 5,600 டன் ஃபியூம்டு சிலிக்கா. அப்போது நீங்கள் சிலிக்கா வியாபாரி. சிலேன் உங்கள் துணைப்பொருள். சிலிக்கா விலை சரிந்தால் சிலேன் உற்பத்தியைக் குறைக்க வேண்டிய விசித்திரமான நிலை வரும். வட்டத்திலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்து விற்பதற்கு இது நல்ல வழி. முழுப் பாரத்தையும் இதன்மேல் ஏற்றக் கூடாது.

ஒளியிழைக்கும் எஸ்டிசி வேண்டும். இழையாக இழுக்கப்படும் கண்ணாடித் தண்டின் மூலப்பொருளே அதுதான். விலை நன்றாகக் கிடைக்கும். ஆனால் செம்பு, இரும்பு போன்றவை நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். டிசிஎஸ் மிச்சமிருந்தால் அதன் ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் ஹைட்ராக்சிலாக மாறி ஒளியை விழுங்கும். சிலேன் ஆலையின் எஸ்டிசியில் டிசிஎஸ் கலப்பு இயல்பாகவே இருக்கும் என்பதால் சுத்திகரிப்பு தனி முதலீடு. எத்தனாலோடு சேர்த்து டெட்ராஎத்தாக்சிசிலேன் ஆக்குவதும் உண்டு. அதில் வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு எத்தனாலோடு சண்டைபிடித்து எத்தில் குளோரைடைக் கொடுக்கும், குளோரின் கரிமப்பொருளில் மாட்டிக்கொள்ளும். அதனால் அவ்வளவாக ஈர்க்கவில்லை.

சுண்ணாம்பா, காஸ்டிக் சோடாவா?

நடுநிலையாக்கம் முதலீட்டில் மலிவு, நடப்புச் செலவில் பெரும் செலவு. 1 கிலோ எஸ்டிசிக்கு 0.87 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வேண்டும், 1.31 கிலோ கால்சியம் குளோரைடும் 0.35 கிலோ சிலிக்காவும் வரும். மேலே சொன்ன 1,000 டன் ஆலையின் எஸ்டிசி முழுவதையும் இப்படி முடித்தால் ஆண்டுக்கு 13,800 டன் சுண்ணாம்பு உள்ளே போய், 20,700 டன் கால்சியம் குளோரைடு வெளியே வரும். இதைப் பெருமொத்தத்துக்கான வழியாக யாராவது முன்வைத்தால் அந்த இரண்டு எண்களை மட்டும் காட்டினால் போதும்.

ஆனாலும் நடுநிலையாக்கப் பிரிவு இல்லாத ஆலை கிடையாது, இருக்கவும் கூடாது. வட்டம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஒரு சிறு பங்கு வெளியே எடுக்கப்பட்டே ஆக வேண்டும். காரணம் சிலிக்கானில்தான் இருக்கிறது. உலோகவியல் தரச் சிலிக்கான் 98 முதல் 99 சதவீதம் சுத்தம். மிச்சத்தில் இரும்பு, அலுமினியம், கால்சியம், டைட்டானியம். இவை குளோரினைப் பிடித்துக்கொண்டு குளோரைடுகளாகின்றன. 1 கிலோ அலுமினியம் 3.9 கிலோ குளோரினை விழுங்கும். அதுமட்டுமல்ல, அலுமினியம் குளோரைடு 180 டிகிரி அருகே பதங்கமாகி, குளிர்ந்த இடம் பார்த்துப் படிந்து குழாயை அடைக்கும். அலுமினியம் குறைந்த சிலிக்கானுக்குச் சற்றே கூடுதலாகக் கொடுத்தால், அது கழிவுப் பிரிவில் சேமிப்பாகத் திரும்பி வரும். கொள்முதல் பிரிவும் கழிவுப் பிரிவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால்தான் இந்தக் கணக்கு யாருக்காவது கண்ணில் படும். பல இடங்களில் அப்படி உட்காருவதில்லை.

சரி, எந்தக் காரம்? சுண்ணாம்பு மலிவு. ஆனால் வினை மெதுவாக நடக்கும். சிலிக்கா கூழ்போல வந்து, சகதியைப் பிழிந்து வடிக்கும் ஃபில்டர் பிரஸ் கருவியின் துணியை அடைக்கும். கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும் உப்பு என்பதால் பிழிந்த சகதியும் ஈரம் விடாது. குழியில் புதைத்தால் மழையில் கரைந்து கசியும். காஸ்டிக் சோடா விலை அதிகம், கையாள எளிது. காரம் மிகுந்த நிலையில் சிலிக்கா சோடியம் சிலிக்கேட்டாகக் கரைந்தே இருக்கும். ஆனால் பிறகு காரத்தன்மையை இறக்கும்போது திடீரென்று கூழாகி இறுகும், அதை எதிர்பார்த்துத் தொட்டியை வடிவமைக்க வேண்டும். வரும் உப்பு சாதாரணச் சோடியம் குளோரைடு. அதை நன்றாகச் சுத்தம் செய்தால் உப்புநீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் குளோர்-ஆல்கலி ஆலைக்கு உப்புநீராகத் திரும்பும் வாய்ப்பாவது உண்டு. அருகில் அப்படி ஓர் ஆலை இருந்தால் விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் காஸ்டிக் சோடாவைத் தேர்ந்தெடுப்பேன். இல்லையென்றால் திரவக் கழிவுக்குச் சுண்ணாம்பு, வாயு ஸ்க்ரப்பருக்கு (வெளியேறும் வாயுவைக் கரைசல் தெளித்துக் கழுவும் கருவி) காஸ்டிக் சோடா என்ற கலப்பு ஏற்பாடு. ஸ்க்ரப்பரில் சுண்ணாம்புப் பால் ஊற்றினால் தெளிப்பான்கள் அடைத்துக்கொள்ளும்.

எந்தக் காரமானாலும் நீரில் குளோரைடு இருக்கும். அதை ஆற்றில் விட அனுமதி கிடைக்காத இடத்தில் ஆவியாக்கி உப்பைப் பிரிக்க வேண்டும். அந்த நீராவிச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்று தோன்றிய வழி மலிவாக இருக்காது.

அளவில் சிறியது, ஆபத்தில் பெரியது

உண்மையான தலைவலி எஸ்டிசி இல்லை, உயர்கொதி எச்சம், அதாவது எளிதில் ஆவியாகாமல் அடியில் தங்கும் மிச்சம். ஹைட்ரோகுளோரினேற்ற உலைக்கு அடுத்த குளிரூட்டும் கோபுரத்தின் அடியில் சேரும் சேற்றில் எஸ்டிசி, சிலிக்கான் துகள், உலோகக் குளோரைடுகள், இவற்றோடு குளோரோடைசிலேன்களும் இருக்கும். இரண்டு சிலிக்கான் அணுக்கள் நேரடியாகப் பிணைந்த மூலக்கூறுகள் இவை. ஈரம் பட்டால் இவை நீராற்பகுப்புக்கு உள்ளாகும், அதாவது நீரோடு வினைபுரிந்து வெண்மையான திடப்பொருளாக மாறும். பார்த்தால் சாதாரணச் சிலிக்காபோலத்தான் இருக்கும். ஆனால் சிலிக்கான்-சிலிக்கான் பிணைப்பும் சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பும் உள்ளே அப்படியே மிச்சமிருக்கும். காய்ந்துவிட்டால் ஒரு தட்டு, ஓர் உரசல் போதும் வெடிக்க.

2014 ஜனவரி 9 அன்று ஜப்பானின் யொக்காய்ச்சியில் ஒரு பாலிசிலிக்கான் ஆலையில் நடந்தது இதுதான். கழற்றி எடுத்த வெப்பப் பரிமாற்றியை ஈரமூட்டிய நைட்ரஜனால் நீராற்பகுத்து, சுத்தம் செய்ய மூடியைத் திறந்தபோது வெடித்தது. 5 பேர் இறந்தார்கள். அரைகுறை நீராற்பகுப்பு, எதுவுமே செய்யாமல் விடுவதைவிட மோசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த எச்சத்துக்கான தேர்வுகளை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். உலர்த்தி, எஸ்டிசியை மீட்டு, மிஞ்சும் தூளை மட்டும் நடுநிலையாக்கலாம்; குளோரின் கணக்கில் இது நல்லது, சுண்ணாம்பும் குறையும். ஆனால் உலர்த்தும்போது குளோரோடைசிலேன்கள் செறிவாகும். அவை எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து தெரியாதவரை முழுக்க உலர்த்தக் கூடாது என்பேன். அடுத்தது, உயர்கொதிகளை ஹைட்ரோகுளோரினேற்ற உலைக்கே திருப்பி அனுப்பி, அந்த வெப்பத்தில் உடைப்பது. எளிமையானது, ஆனால் டைட்டானியம் டெட்ராகுளோரைடு 136 டிகிரியிலும் ஹெக்சாகுளோரோடைசிலேன் 145 டிகிரியை ஒட்டியும் கொதிப்பதால் இரண்டும் சேர்ந்தே பயணம் செய்யும். திருப்பி ஓட்ட ஓட்ட டைட்டானியம் சேர்ந்துகொண்டே போகும், ஆகவே ஒரு பங்கை வெளியே எடுத்தே ஆக வேண்டும். மூன்றாவது, மூவிணைய அமீன் வினையூக்கியோடு ஹைட்ரஜன் குளோரைடைச் செலுத்திப் பிணைப்பை உடைப்பது. ஹெக்சாகுளோரோடைசிலேன் டிசிஎஸ்ஸாகவும் எஸ்டிசியாகவும் பிரியும். குறைந்த வெப்பத்தில் நடக்கும் நேர்த்தியான வேலை, ஆனால் உலோகக் குளோரைடுகள் வினையூக்கியை முடக்கும் என்பதால் முன்கூட்டியே வடித்தெடுத்த எச்சத்துக்குத்தான் பொருந்தும். ஹெக்சாகுளோரோடைசிலேனைத் தனியாகச் சுத்தம் செய்து குறைகடத்தித் துறைக்கு விற்பவர்களும் உண்டு, அங்கே சிலிக்கான் நைட்ரைடு படலம் போட அது தேவை.

கடைசியில் மிஞ்சுவதை நடுநிலையாக்கும்போது ஒரே நிபந்தனை: காரம் முதலிலிருந்து கடைசிவரை மிகையாக இருக்க வேண்டும், கலக்கும் கருவி நின்றுவிடக் கூடாது. காரக் கரைசலில்தான் அந்த இரண்டு பிணைப்புகளும் முழுதாக உடைந்து ஹைட்ரஜனாக வெளியேறும். அமிலமாக முடிந்தால் ஹைட்ரஜன் சகதிக்குள்ளேயே தங்கி, பிறகு பீப்பாயில் மெல்ல வெளிவந்து மூடியை உப்பவைக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும்; இந்த எச்சத்துக்கு அது தவறான வழி.

வெளியேறும் வாயு

இங்கே தேர்வு எரிப்பதற்கும் காஸ்டிக் ஸ்க்ரப்பருக்கும் இடையில். சிலேன் மிகுந்த வாயுவை எரிக்க வேண்டும் என்பதே என் பக்கம். சிலேன் ஒன்றுக்குக் காஸ்டிக்கில் நான்கு பங்கு ஹைட்ரஜன் வரும். ஸ்க்ரப்பருக்குள் ஒரு வெடிவாயுவைக் கொடுத்து நான்கு மடங்கு வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. எரித்தால் 1 கிலோ சிலேனுக்கு 1.9 கிலோ சிலிக்காத் தூசு வரும், பை வடிகட்டியில் பிடிக்கலாம். குளோரோசிலேன் மிகுந்த வாயுவுக்கு நேர்மாறு: முதலில் குளிர்வித்து முடிந்தவரை திரவமாக மீட்டு, மிச்சத்தைக் காஸ்டிக்கில் கழுவ வேண்டும். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் ஈரச் சிலிக்காவும் சேர்ந்து பை வடிகட்டியைப் பசையாக்கிவிடும். இரண்டு வாயுக்களையும் ஒரே குழாயில் சேர்த்துவிட்டுப் பிறகு எந்தக் கருவி என்று யோசிப்பது, இரண்டு கருவிகளின் தொல்லையையும் ஒன்றாக வாங்குவது.

சிலேன் காற்றில் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பதை நம்பி எரிகோபுரத்தில் பற்றவைக்கும் சுடரை விட்டுவிட முடியாது. வேகமாக வெளியேறினால் சில சமயம் உடனே பற்றாமல், காற்றோடு கலந்து தேங்கி, அப்புறம் வெடிக்கும்.

நடுநிலையாக்கப் பிரிவின் கொள்ளளவையும் ஸ்க்ரப்பரின் காரத் தேக்கத்தையும் அன்றாட ஓட்டத்துக்காகக் கணக்கிட்டால் போதாது. மறுசுழற்சி உலை நின்றுபோன நாளில் ஒரு வடிகோபுரத்தின் முழுச் சரக்கும் அந்தப் பக்கம் வரலாம். எஸ்டிசிக்குச் சில நாள் உற்பத்தியைத் தாங்கும் சேமிப்புத் தொட்டி, அந்தத் தொட்டியே கசிந்தால் தாங்க அதைச் சுற்றி உலர்ந்த தடுப்புக்கட்டு, அதில் மழைநீர் சேராத கூரை, இவ்வளவும் இருந்தால்தான் நடுநிலையாக்கத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளும் உரிமை கிடைக்கும்.